ஏழாம் மரத்திலிருந்து

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்று முதல் எழுதுகிறேன். எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. சாட்சிக்காக எழுதுகிறேன். போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர், "ஆதாரமில்லாம யாரு மேலங்க கேஸ் போடறது? எது நடந்தாலும் தேதி போட்டு எழுதி வைங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். என்னைக் கழற்றிவிடத்தான் சொன்னார் என்று தெரியும். இருக்கட்டும். எழுதி வைத்தே காட்டுகிறேன்.

விவரம்: என் பெயர் நாச்சிமுத்து. வயது எழுபத்திரண்டு. மின்வாரியத்தில் முப்பத்தொரு வருடம் லைன்மேன். கோத்தகிரிக்கு மேலே அப்பா வாங்கிய பன்னிரண்டு சென்ட்டில் கிழக்குப் பாதி எனக்கு, மேற்குப் பாதி தம்பி ஆறுச்சாமிக்கு. நடுவில் வேலியாக இருபத்திரண்டு சைப்ரஸ் மரங்கள். நட்டவன் நான். பதினான்கு வருடமாக வளர்த்தவனும் நான். ஆளுயரத்துக்கு மேல் இரண்டடி நிற்கின்றன. அணில்கூட வழி தேடித்தான் நுழைய வேண்டும். நானும் அவனும் பேசிப் பதினைந்து வருடம் ஆகப்போகிறது.

கேட்டிலிருந்து எண்ணினால் ஏழாவது மரம். அதில் அவன் வீட்டைப் பார்த்த கிளைகள் பழுப்பாகிவிட்டன. பங்குனியில் பச்சையாக இருந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். பச்சை மரம் தானாகப் பழுக்காது. அந்தப் பக்கத்திலிருந்து எதையோ ஊற்றுகிறார்கள்.

ஏப்ரல் 17, புதன்

ஏழாம் எண்ணின் பழுத்த கிளைகளை வெட்டினேன். கட்டை தெரியும்வரை ஒட்ட வெட்டினேன். மரத்துக்கு இரக்கம் காட்டக்கூடாது. லைனுக்கு அடியில் நான் மொட்டையடித்த கற்பூர மரங்களும் சில்வர் ஓக்குகளும் அடுத்த மழைக்கு முன்னைவிட அதிகமாகத் தழைத்திருக்கின்றன. வெட்டினால் தழையும். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கத்தரி கையில் இருக்கும்போதே எட்டு, ஒன்பது, பத்து மூன்றையும் சமமாக்கினேன். கெட்டதை முதலில் முடித்துவிட்டு நல்லதற்குப் போவது என் முறை. ஒன்று முதல் ஆறு வரை போன வருடமே வெட்டியாயிற்று. இந்த வருடம் தொடவேண்டியதில்லை.

அவன் தன் பக்கத்தைத் தானே வெட்டிக்கொள்கிறான். பூங்காவில் தோட்டக்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். சம்பளம் வாங்கிக்கொண்டு செடி வெட்டக் கற்றவன்.

மே 19, ஞாயிறு

எட்டும் ஒன்பதும் பழுக்கத் தொடங்கிவிட்டன. எதிர்பார்த்ததுதான்.

ஏணியை எடுத்துக்கொண்டிருக்கும்போது பூவாத்தாள் வந்து நின்றாள். என் மனைவி. சொல்ல வந்ததை உடனே சொல்லாமல் முந்தானையைத் திருகினால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

"ஏனுங்க, கத்தரியக் கழுவிக் கழுவி வெட்டோணுமாமா. ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் நடுவுல."

"யாரு சொன்னா?"

"சொன்னாங்க. கடைல."

"கத்தரி என்ன சோத்துக் கரண்டியா, கழுவறதுக்கு? போயி ஒலையப் பாரு."

போய்விட்டாள். வேலை முடிந்ததும் தேங்காயெண்ணெய்த் துணியால் துடைக்கிறேன். பதினான்கு வருடமாக அதே துணி. ஒரு பொட்டுத் துரு கிடையாது. இதற்கு மேல் என்ன கழுவுவது?

எட்டு, ஒன்பதைக் கட்டைவரை வெட்டினேன். பிறகு பத்திலிருந்து பதிமூன்று வரை தலை தட்டினேன்.

ஜூன் 9, ஞாயிறு

மழை. கத்தரி எடுக்கவில்லை. அந்தப் பக்கம் அவன் இருமுவது கேட்டது.

ஜூன் 23, ஞாயிறு

அகப்பட்டது!

காலை ஏழு பத்துக்கு வேலியின் கோடியில் இருக்கும் எல்லைக்கல்லின் மேல் வெள்ளை பிளாஸ்டிக் கேன் ஒன்று இருந்தது. அதன்மேல் துவைத்து மடித்த துணி. கேனில் பாதிக்குத் தண்ணீர். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது, பிளீச்சிங் பவுடர் நெடி. இதை வேரில் ஊற்றினால் எந்த மரமும் சாகும். ஊற்ற வந்தவன் என் செருப்புச் சத்தம் கேட்டு விட்டுவிட்டு ஓடியிருக்கிறான்.

பூவாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வெஷம் ஊத்த வந்தவன் துணியத் தொவச்சு மடிச்சு வெச்சுட்டா போவான்?" என்றாள்.

"உனக்கு ஏன் அவங்க மேல இவ்வளவு கரிசனம்?"

"எனக்கு ஒருத்தரு மேலயும் கரிசனமில்லீங்க. இட்லி ஆறுது."

கேனைப் பேப்பரில் சுற்றி, கயிறு கட்டி, துணியையும் சேர்த்து பீரோ மேல் வைத்திருக்கிறேன். தடயம். சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னதற்குப் பூவாத்தாள் மறுத்துவிட்டாள்.

ஜூலை 14, ஞாயிறு

பத்து, பதினொன்று, பன்னிரண்டு பழுத்துவிட்டன. வெட்டினேன். பதிமூன்று, பதினான்கு, பதினைந்தைச் சமமாக்கினேன். பதினாறிலிருந்து சரிவு. முட்டி ஒத்துழைக்கவில்லை, விட்டுவிட்டேன்.

ஏழாம் மரத்தை வெட்டி மூன்று மாதம் ஆகிறது. ஒரு துளிர்கூட இல்லை. மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை, அதனால்தான்.

வெட்டிய ஓட்டை வழியாக அவன் வீட்டுக் குழாயடியும் பின்வாசலும் தெரிகின்றன. அவன் மனைவி வசந்தாமணி அங்கே நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை உயர்த்தினாள். கொடியில் துணி போடத்தான் இருக்கும்.

ஜூலை 28, ஞாயிறு

அவர்கள் வரும் வழியையும் கண்டுபிடித்துவிட்டேன். பதினைந்தாம் மரத்தில், இடுப்பளவு உயரத்தில், இரண்டு கிளைகளைச் சணல் கயிற்றால் இழுத்துப் பின்னால் கட்டியிருக்கிறார்கள், ஜன்னல் திரையை ஒதுக்கிக் கட்டுவதுபோல. தோள்வரை கையை விடலாம். கயிறு பழையது, பல மழை கண்டது. இரு பக்கமும் புல் மிதிபட்டுத் தரையோடு கிடக்கிறது. என் பக்கம் ஏன் மிதிபட வேண்டும்? உள்ளே நுழைந்தே வந்திருக்கிறார்கள்.

புல்லில் ஒரு தூக்குப்போசிப் பாத்திரத்தின் மூடி கிடந்தது. அதையும் எடுத்துக்கொண்டேன்.

கயிற்றை அறுத்தேன். ஓட்டையில் உண்ணிச்செடி முள்ளை வெட்டி வந்து திணித்தேன். கையெல்லாம் கீறல். பூவாத்தாள் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மூடியைக் காட்டியதும் வாங்கிக்கொண்டாள்.

"இந்த மூடில எத்தன வெஷம் புடிக்குமுங்க?" என்றாள்.

தடயம் என்று சொல்லச் சொல்லக் கேட்காமல் அதைக் கழுவி அலமாரியில் கவிழ்த்துவிட்டாள்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இரண்டு வாரமாக வீட்டில் அவரைக்காய்ப் பொரியல் இல்லை. கேட்டால், "இல்லீங்க" என்கிறாள். நம் தோட்டத்தில் அவரைப் பந்தலே கிடையாது என்பது இன்றுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருடம் கடையில் வாங்கியிருப்பாள். இப்போது நல்ல காய் வரவில்லை போலும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

விசாரணையில், ஏன் வேலி போட்டாய், ஏன் பேச்சில்லை என்று கேட்பார்கள். அதையும் எழுதி வைக்கிறேன்.

அம்மா அவன் வீட்டில்தான் இருந்தாள். மலை சரிந்த வருடம், கார்த்திகையில் இறந்தாள். நான் மலைக்கு அந்தப் பக்கம் அறுந்த லைனை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைப்பது வழக்கம். அதை நான் கேட்கவில்லை. முகம் பார்ப்பதற்காவது வைத்திருக்கலாம். அவன் எனக்காகக் காத்திருக்கவில்லை. சேதி எனக்குத் தாமதமாக வந்தது.

அடுத்த ஆனியில் நாற்று வாங்கி வந்து நட்டேன். மூன்றடிக்கு ஒன்று. அவன் வீடு என் கண்ணில் படக்கூடாது என்பதற்காக நட்டேன். இதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

ஏழிலிருந்து பதினைந்து வரை ஒன்பது மரங்கள். எல்லாம் செம்மண் நிறம். வேலி நடுவில் வெந்துபோனதுபோல் இருக்கிறது. ஒன்று முதல் ஆறு, பதினாறு முதல் இருபத்திரண்டு, இவை மட்டும் பச்சை. நடுவில் குறிவைத்து ஊற்றியிருக்கிறான்.

இரண்டு மனு எழுதினேன். ஒன்று ஸ்டேஷனுக்கு, ஆறுச்சாமி பெயரைப் போட்டு. இன்னொன்று தோட்டக்கலை அலுவலகத்துக்கு, மண்ணைச் சோதித்து விஷம் இருப்பதாக எழுதிக் கொடுக்கும்படி. இரண்டுக்கும் ரசீது வாங்கினேன்.

பூவாத்தாள், "தம்பி பேரையா எழுதுனீங்க?" என்று மட்டும் கேட்டாள். யார் தம்பி என்றேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

தோட்டக்கலை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பெயர் எஸ்தர். முப்பது வயதுகூட இராது. மண்ணைத் தொடவே இல்லை. நேரே ஒன்பதாம் மரத்துக்குப் போய், சிறு கத்தியால் பட்டையைச் சீவினாள். உள்ளே கருஞ்சிவப்பாகப் புண்போல் இருந்தது. பிசின் கசிந்தது.

"விஷமில்லைங்க ஐயா. பூஞ்சாணம். பட்டைக்கு அடியில போயி உக்காந்துக்கும். மேல போற தண்ணிய அடைச்சுடும். கிளை காயும்."

"எல்லாத்தையும் பாக்காம சொல்லாதீங்க," என்று இந்த நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். படிக்கப் படிக்கப் பையிலிருந்து பென்சிலை எடுத்து நான் எழுதியிருந்த மர எண்களைச் சுற்றி வட்டம் போட்டாள். என் அனுமதி கேட்கவில்லை.

"ஏப்ரல்ல ஏழை வெட்டியிருக்கீங்க. அன்னைக்கே எட்டு, ஒன்பது, பத்து. அடுத்தாப்புல எட்டும் ஒன்பதும் பழுத்திருக்கு. அதை வெட்டிட்டுப் பதிமூணு வரைக்கும் போயிருக்கீங்க. ஜூலைல பதினஞ்சு வரைக்கும். இன்னைக்குப் பதினஞ்சு வரைக்கும் காஞ்சிருக்கு. நீங்க தொடாத பதினாறு பச்சையா நிக்குது." நோட்டை மூடினாள். "வெஷம் ஊத்தறவங்க, உங்க கத்தரி போன வரிசையிலயேவாங்க ஐயா ஊத்துவாங்க?"

நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

"கத்தரியக் கழுவுவீங்களா?"

"ஆயுத பூஜைக்குக் கழுவுவேன்."

"வருஷத்துக்கு ஒருக்காவா?"

சிரித்தாள். பூவாத்தாள் சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பீரோ மேலிருந்து கேனை இறக்கி அவிழ்த்துக் காட்டினேன். திறந்து முகர்ந்தாள். "அட, இதுலதாங்க முக்கச் சொல்லுவோம். ஒவ்வொரு மரத்துக்கும் கத்தரிய இதுல முக்கி, துணில தொடச்சுட்டுப் போகணும். யாரோ வேல தெரிஞ்சவங்க வெச்சிருக்காங்க. பக்கத்துல தோட்டக்காரர் யாராச்சும் இருக்காங்களா?"

நான் பதில் சொல்வதற்குள் பூவாத்தாள், "இருக்காருங்க" என்றாள்.

கட்டைவரை வெட்டிய இடங்கள் எப்போது துளிர்க்கும் என்று கேட்டேன். துளிர்க்காதாம். "சைப்ரஸ்ல பச்சை இருக்கற வரைக்கும்தாங்க வெட்டணும். உள்ள இருக்கற வெறுங் கட்டையத் தொட்டுட்டா அவ்வளவுதான். கற்பூர மரம் மாதிரி இல்லீங்க இது."

"எவ்வளவு மழை பேஞ்சாலுமா?"

"எவ்வளவு மழை பேஞ்சாலும்."

ஒன்பதையும் வேரோடு எடுத்து எரித்துவிட வேண்டுமாம், பெருமழைக்கு முன்னால். இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் தெறித்து மற்றப் பதிமூன்றும் போகுமாம். போகும்போது, "ஸ்டேஷன்ல குடுத்தத வாபஸ் வாங்கிடுங்க ஐயா" என்றாள். அடுத்த திங்கட்கிழமை விசாரணை. பார்க்கலாம் என்றேன்.

ஏழாம் மரத்துக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். காற்றில் வந்திருக்கும், அது யாருடைய தப்பும் இல்லை என்றாள். யாருடைய தப்பும் இல்லாமல் ஒன்று எப்படி நடக்கும்?

அக்டோபர் 9, புதன்

ஸ்டேஷனுக்குப் போக நினைத்தேன். மழை.

அக்டோபர் 10, வியாழன்

முட்டி வலி. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்டேஷன் ஏற்றம்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. இன்று ஸ்டேஷனில் ஜீப்புக்கு மாலை போட்டுப் பொரி கொடுத்துக்கொண்டிருப்பார்கள். யார் மனுவைத் தேடுவது? கத்தரியைக் கழுவிச் சந்தனம் வைத்தேன். வருடா வருடம் கழுவுவதுதான். அந்தப் பெண் சொன்னதற்காக அல்ல.

அக்டோபர் 12, சனி

"இன்னைக்காச்சும் போறீங்களா?" என்றாள் பூவாத்தாள். விஜயதசமியன்று யாரும் கேஸை வாபஸ் வாங்க மாட்டார்கள் என்றேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஞாயிறு.

அக்டோபர் 14, திங்கள்

ஒன்பது மணிக்கு ஒரு போலீஸ்காரர் பைக்கில் வந்து அவனை அழைத்துப்போனார். வெட்டிய ஓட்டை வழியாகத் தெரிந்தது. வெள்ளைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டிருந்தான். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி.

என்னைப் பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போனபோது அவன் வாசல் பெஞ்சில் ஒரு கோடியில் உட்கார்ந்திருந்தான். நடுவில் கைவிலங்கோடு ஒரு பைக் திருடன். ஆறுச்சாமி என்னைப் பார்க்கவில்லை. கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டரைக்குத்தான் உள்ளே கூப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர், "பெரியவரே, ஆதாரம் எழுதி வெச்சிருக்கறதா மனுல போட்டிருக்கீங்களே, எங்க அந்த நோட்டு?" என்றார்.

நோட்டு வீட்டில் இருந்தது. மறந்துவிட்டேன் என்றேன்.

"நீங்க என்னய்யா சொல்றீங்க?" என்று அவனிடம் கேட்டார்.

"மரம் அவருதுங்க. நா என்ற பக்கம் மட்டும்தானுங்க வெட்டுவேன்."

அவ்வளவுதான் சொன்னான். இருமல் வந்தது, ஸ்டேஷனுக்குள் இருமக்கூடாது என்பதுபோலத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான். இனி ஒருவருக்கொருவர் தொந்தரவு இல்லை என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். பேனாவைப் பிடிக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஒரே பஸ்ஸில்தான் திரும்பினோம். அவன் முன்னால், நான் மூன்று இருக்கை பின்னால். சட்டைக் காலரில் பெஞ்சின் அழுக்கு ஒட்டியிருந்தது. தட்டிவிடச் சொல்ல யாருமில்லை.

அக்டோபர் 16, புதன்

பூவாத்தாள் சோறு வைக்கிறாள், தண்ணீர் வைக்கிறாள். பேச்சில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

மரங்களை அறுக்க ஆரம்பித்துவிட்டேன். காய்ந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? விறகுக்காவது ஆகும் என்று அறுக்கிறேன். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து கீழே. பதினொன்றில் ரம்பம் பாதியில் மாட்டிக்கொண்டது. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கையில் அவன் குழாயடிக்கு வந்தான். நடுவில் இப்போது மறைவு இல்லை. பத்தடி தூரம்.

"ண்ணா," என்றான்.

பதினைந்து வருடத்தில் முதல் சொல். நான் நிமிரவில்லை.

"அம்மா செத்தன்னைக்கு உங்களுக்கு ரெண்டு தடவ ஆளனுப்பிச்சேன். மொதல்ல பால்காரரு. அப்புறம் பக்கத்து வீட்டு சபாபதி. ரெண்டு பேரும் கம்பத்துக்கு அடியில நின்னு சத்தம் போட்டு உங்களக் கூப்புட்டுத்தான் வந்தாங்க. லைன முடிச்சுட்டு வர்றேன்னு சொல்லியுட்டீங்க."

"மூணு ஊரு இருட்டுல கெடந்துச்சு," என்றேன்.

"ஒன்றரை நாள் வெச்சிருந்தனுங்ணா. அந்த மழைல. அதுக்கு மேல வெக்கக்கூடாதுன்னு ஊர்ல சொல்லிட்டாங்க." குழாயை மூடினான். "நீங்க வர மாட்டேன்னு சொல்லியுட்டத நா ஒருத்தருகிட்டயும் சொல்லல. வசந்தாமணிகிட்டகூடச் சொல்லல. நீங்க என்னையக் கொண்டுபோயித் திருடன் பக்கத்துல உக்கார வெச்சுட்டீங்க."

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

வர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. முடித்துவிட்டு வருகிறேன் என்றுதான் சொன்னேன். இரண்டும் வேறு வேறு. இதை அவனிடம் சொல்லியிருப்பேன். ரம்பம் மரத்தில் மாட்டியிருந்தது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பலகாரம் சுடவில்லை. ஒன்பது மரங்களையும் எரித்தாயிற்று. விறகுக்கு வைத்துக்கொள்ளவில்லை.

நவம்பர் 11, திங்கள்

அவன் வாசலில் லாரி வந்து ஹாலோ பிளாக் இறக்கியது. கொத்தனார் இருவர்.

நவம்பர் 24, ஞாயிறு

சுவர் முடிந்துவிட்டது. ஏழிலிருந்து பதினைந்து வரை நின்ற இடத்துக்கு நேராக மட்டும். எட்டடி உயரம். பூசவில்லை.

டேப் பிடித்து அளந்தேன். எல்லைக்கல்லுக்கு நேர்க்கோட்டில் கட்டியிருக்க வேண்டியவன் இரண்டடி தன் பக்கம் தள்ளிக் கட்டியிருக்கிறான். இரண்டு இடத்தில் அளந்தேன். இரண்டடிதான். சொந்த நிலத்தில் இரண்டடி விட்டுக் கட்டுகிறவனை நான் பார்த்ததில்லை. இதில் என்ன சூது என்று யோசித்துக்கொண்டே நின்றிருந்தேன்.

பின்னால் பூவாத்தாள் குரல். நாற்பது நாளில் முதல் பேச்சு.

"வேருக்குங்க."

"என்ன வேருக்கு?"

"அண்ணன் மறுக்கா மரம் வெப்பாரு, வேரு ஓட எடம் வேணுமின்னு உங்க தம்பி கொத்தனாருகிட்டச் சொன்னாருங்களாமா. சரியா ரெண்டடி விடச் சொன்னாருங்களாமா."

"உனக்கு யாரு சொன்னா? கடைலயா?"

"கடைல இல்லீங்க," என்றாள். "வசந்தாமணிதான் சொன்னா. கத்தரியக் கழுவச் சொன்னதும் அவதான். பதினாலு வருசமா அந்தப் பொந்து வழியாத்தான் பேசிக்கிட்டிருந்தோம். நீங்க முள்ள வெச்சு அடைச்சீங்க. இப்ப அவரு செவுரு வெச்சு அடைச்சுட்டாரு."

அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த மூடியை எடுத்து, நம் வீட்டுப் போசியில் எதையோ நிரப்பி, அந்த மூடியால் மூடினாள். பொருந்தவில்லை, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பின்பக்கம் போகவில்லை. முன்கேட்டைத் திறந்து, ரோட்டில் இறங்கி, எல்லோரும் பார்க்க நடந்தாள்.

"போயிட்டு வர்றனுங்க."

எங்கே என்று நான் கேட்கவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

கேஸ் முடிந்துவிட்டது. இனி இந்த நோட்டுக்கு வேலை இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

பதினாறாம் மரம் வரிசைக்கு மேல் வளர்ந்துவிட்டது. வெட்ட வேண்டும். பச்சை தாண்டாமல் வெட்ட வேண்டும்.

சுவரோரம் கொஞ்ச நேரம் நின்றேன். மரம் இருந்தபோது குழாய்ச் சத்தம் கேட்கும். பாத்திரம் விழுவது கேட்கும். அவன் இருமுவது கேட்கும். இப்போது ஒன்றும் கேட்கவில்லை. இருமல் நின்றுவிட்டதா, சுவர் தடுக்கிறதா என்று தெரியவில்லை. பூவாத்தாளுக்குத் தெரிந்திருக்கும். கேட்கவில்லை.

பீரோ மேலிருந்து கேனை இறக்கினேன். துணி மடித்தபடியே இருந்தது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். நெடி இல்லை. ஐந்து மாதத்தில் எல்லாம் போய்விட்டது. வெறும் தண்ணீர்.

அதில்தான் கத்தரியைக் கழுவினேன்.